பின்னாலிருந்து வாசிக்க முடியாத டேபிள்

லிஸ்ட்டில் ஓடிக்கொண்டே சிலவற்றை அழிக்க வேண்டுமா, கடைசியிலிருந்து முதலுக்கு வா. புரோகிராமிங் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு மூத்தவர்கள் முதல் சில வாரங்களில் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. காரணம் எளிது. முன்னாலிருந்து வரும்போது மூன்றாவதை அழித்தால் நான்காவது நகர்ந்து மூன்றாம் இடத்துக்கு வந்துவிடும். லூப்போ நான்காம் இடத்துக்குப் போய்விடும். நகர்ந்து வந்தது கண்ணில் படாமலே தப்பிவிடும். பின்னாலிருந்து வந்தால் நகர்பவை எல்லாம் ஏற்கனவே பார்த்து முடித்தவை. ஆகவே எதுவும் விட்டுப்போகாது.

இந்தப் பழக்கத்தோடு ஒருவர் ஹாஷ் டேபிளிடம் வருகிறார். கீயையும் வேல்யூவையும் ஜோடியாக வைத்துக்கொள்ளும் அந்த டேபிளையும் அதே மாதிரி பின்னாலிருந்து சுற்றப் பார்க்கிறார். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு அவருக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "ஹாஷ் டேபிளில் முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. உன் கேள்வியே தப்பு." இன்று பைதானில் அதே கேள்விக்கு ஒரு வரியில் பதில் உண்டு. இடையில் நடந்தது என்ன என்பதைத்தான் எழுத வந்தேன். அந்தக் கேள்வி அன்றும் தப்பான கேள்வி இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஹாஷ் என்ற யோசனை ஐபிஎம் நிறுவனத்தில் பிறந்தது. 1953 ஜனவரியில் ஹான்ஸ் பீட்டர் லூன் என்ற பொறியாளர் எழுதிய உள்சுற்றுக் குறிப்பில் அது முதன்முதலாகப் பதிவாகியிருக்கிறது. தேட வேண்டிய பெயரைக் கணக்கால் ஓர் எண்ணாக்கி, அந்த எண் காட்டும் இடத்துக்கு நேராகப் போய்விடுவது. ஒரே இடத்துக்கு இரண்டு பேர் வந்தால் சங்கிலியாகக் கோர்த்துக்கொள்வது. ஆயிரம் பெயர்களை ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டாம், அகரவரிசைப்படுத்தவும் வேண்டாம். இந்த வேகத்துக்குக் கொடுத்த விலை வரிசை. எது எப்போது உள்ளே வந்தது என்ற தகவலை அந்த டேபிள் எங்குமே எழுதி வைப்பதில்லை.

பழைய பைதான் 2.7-ஐ எடுத்துக்கொண்டு கையால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பைதானில் ஹாஷ் டேபிளின் பெயர் டிக்‌ஷனரி. காலி டிக்‌ஷனரிக்கு அங்கே எட்டு ஸ்லாட். சிறு முழு எண்ணுக்கு ஹாஷ் அந்த எண்ணேதான். ஆகவே எட்டால் வகுத்து வரும் மீதிதான் ஸ்லாட்டின் எண். 20, 9, 2, 3, 5 என்று இந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாகப் போடுகிறோம். 20 நான்காம் ஸ்லாட்டில் உட்காரும். 9 ஒன்றில், 2 இரண்டில், 3 மூன்றில், 5 ஐந்தில். லூப் ஓடும்போது ஸ்லாட் வரிசையில்தான் போகும். எனவே வெளியே வருவது 9, 2, 3, 20, 5. போட்ட வரிசையும் இல்லை, ஏறுவரிசையும் இல்லை. இப்போது ஆறாவதாக 6 என்ற கீயைப் போடுங்கள். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்துவிட்டதால் டேபிள் 32 ஸ்லாட்டாக விரியும். எல்லாக் கீகளும் புதிதாக இடம்பிடிக்கும். வெளியே வருவது 2, 3, 5, 6, 9, 20. அழகான ஏறுவரிசை!

இதைப் பார்த்தவர், டிக்‌ஷனரி தானாகவே வரிசைப்படுத்துகிறது என்று நம்பிவிடுவார். நம்பி ஒரு ரிப்போர்ட் எழுதுவார். டெஸ்ட்டுகள் தேறும். நாற்பது என்ற எண்ணோ நூறு என்ற எண்ணோ வரும் அன்று ரிப்போர்ட் குலைந்து போகும். அப்படிப்பட்ட பிழையைத் தேடி உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்: ஒரு கீயைச் சேர்த்ததால் சம்பந்தமே இல்லாத மற்ற ஐந்தின் இடமும் ஏன் மாறியது என்று புரியவே பாதி நாள் போய்விடும். இப்படிப்பட்ட டேபிளைப் பின்னாலிருந்து சுற்ற ஒருவர் கேட்டால் அதற்கு என்ன பொருள் கொடுப்பது? 5, 20, 3, 2, 9 என்று ஸ்லாட்டுகளை இறங்குவரிசையில் சொல்லலாம். சொல்லி யாருக்கு என்ன பயன்? "கேள்வியே தப்பு" என்றவர்கள் பக்கம் இவ்வளவு நியாயம் உண்டு. ஆனால் கேட்டவருக்கு வேண்டியது ஸ்லாட்டுகளின் இறங்குவரிசை அல்ல. ஓடிக்கொண்டே அழிக்க வேண்டும், அல்லது கடைசியாகப் போட்டது எது என்று தெரிய வேண்டும், அல்லது புதியதை மேலே வைத்துக் காட்ட வேண்டும். மூன்றுமே அன்றாட வேலைகள்.

சி பிளஸ் பிளஸ் உலகம் இதை வெளிப்படையாக விவாதித்து முடிவெடுத்தது. 2003-ல் மாத்யூ ஆஸ்டெர்ன் அந்த மொழியின் தரக்குழுவுக்கு ஹாஷ் டேபிள்களைச் சேர்க்கச் சொல்லி எழுதிய முன்மொழிவில் டேபிளைச் சுற்றிவர உதவும் இட்டரேட்டர் முன்னோக்கி மட்டும் நகர்ந்தால் போதும் என்ற நிலை எடுக்கப்பட்டது. பின்னோக்கியும் போக வேண்டுமென்றால் ஒவ்வொரு ஜோடிக்கும் கூடுதலாக ஒரு பாயின்டர் வேண்டும். வரிசைக்கே பொருள் இல்லாத இடத்தில் அந்தச் செலவை எல்லோர் தலையிலும் ஏன் கட்ட வேண்டும்? 2011 தரத்தில் வந்த ஹாஷ் டேபிள்கள் இந்தக் கொள்கைப்படியே இருக்கின்றன. ஜிசிசி கம்பைலரின் நூலகம் ஒற்றைச் சங்கிலி வைத்திருக்கிறது. மைக்ரோசாஃப்டின் நூலகம் உள்ளே இரட்டைச் சங்கிலி வைத்திருக்கிறது. தரத்தை நம்பி எழுதுகிறவருக்கு இரண்டிலும் ஒரே வழிதான், முன்னோக்கி.

ஜாவாவின் கதை எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது. 2002-ல் வந்த ஜாவா 1.4 பதிப்பிலேயே லிங்க்டு ஹாஷ்மேப் இருந்தது. போட்ட வரிசையைக் காப்பதற்கென்றே எழுதப்பட்டது அது. ஒவ்வொரு ஜோடியிலும் முன்னால் இருப்பதைக் காட்ட ஒரு பாயின்டர், பின்னால் இருப்பதைக் காட்ட ஒரு பாயின்டர். பின்னோக்கி நடக்கத் தேவையான எல்லாமே உள்ளே தயாராக இருந்தது. வெளியே அதற்கு ஒரு வாசல் மட்டும் வைக்கப்படவில்லை. கடைசியாகப் போட்டதைத் தெரிந்துகொள்ள முதலிலிருந்து கடைசிவரை சுற்ற வேண்டும், அல்லது எல்லாவற்றையும் ஒரு லிஸ்ட்டுக்கு நகலெடுத்துத் திருப்ப வேண்டும். பாயின்டருக்கான நினைவகத்தை ஒவ்வொரு ஜோடிக்கும் செலவழித்துவிட்டு, அதைப் பயன்படுத்த முடியாமல் மறுபடியும் நகலுக்குச் செலவழித்தார்கள் ஜாவா புரோகிராமர்கள்.

அந்தக் காலத்திலும் ஹாஷ் டேபிளைப் பின்னோக்கிச் சுற்றியவர்கள் இருந்தார்கள், நூலகங்களின் உள்ளே. மிலான் பல்கலைக்கழகத்தின் செபஸ்தியானோ விக்னா ஜாவாவுக்காக எழுதிய ஃபாஸ்ட்யூட்டில் நூலகத்தைத் திறந்து பார்த்தால், அதன் இட்டரேட்டர் டேபிளின் கடைசி ஸ்லாட்டில் தொடங்கிப் பூஜ்யத்தை நோக்கி இறங்கும். காரணம், நாம் முதலில் பார்த்த அதே லிஸ்ட் பாடம். அந்த டேபிளில் ஒரு ஸ்லாட் காலியானால், அதற்கு அடுத்து மோதலால் தள்ளி உட்கார்ந்திருந்தவை ஒவ்வொன்றாகப் பின்னுக்கு நகர்ந்து ஓட்டையை அடைக்கும். முன்னோக்கிச் சுற்றினால் நகர்ந்தது தப்பிவிடும். பின்னோக்கிச் சுற்றினால் நகர்ந்து வருவது ஏற்கனவே பார்த்தது. ஒரே ஒரு சிக்கல்: கடைசி ஸ்லாட்டில் இடமில்லாமல் சுற்றிக்கொண்டு பூஜ்யத்தில் போய் உட்கார்ந்தவை, அழிக்கும்போது மறுபடி கடைசிப் பக்கம் தாவிவிடலாம். அவற்றை இன்னும் பார்த்திருக்க மாட்டோம். அதற்காக அந்த இட்டரேட்டர் தனியாக ஒரு சின்ன லிஸ்ட் வைத்துக்கொண்டு, அப்படித் தாவியவற்றை அதில் குறித்து, கடைசியில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. எவ்வளவு அக்கறையான வேலை! வெளியிலிருந்து பயன்படுத்துகிறவருக்கு இது எதுவுமே தெரியாது.

வரிசை என்ற பேச்சு அடுத்துப் போன திசை நேர் எதிரானது. 2003-ல் ஸ்காட் கிராஸ்பியும் டான் வாலக்கும், ஒரே ஸ்லாட்டில் போய் மோதும்படி கீகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் ஒரு சர்வரை மூச்சுத் திணற வைக்கலாம் என்று காட்டினார்கள். பெர்ல் மொழி அப்போதே விழித்துக்கொண்டது. மற்றவர்கள் விழித்தது 2011 டிசம்பரில், பெர்லின் மாநாட்டில் அலெக்ஸாண்டர் கிளிங்க், ஜூலியன் வேல்டே இருவரும் பிஎச்பி, ஜாவா, பைதான் என்று வரிசையாகப் பல மொழிகளின் மேலும் அந்தத் தாக்குதலைச் செய்து காட்டிய பிறகு. 2012 செப்டம்பரில் வந்த பைதான் 3.3-ல் எழுத்துக்கீகளுக்கான ஹாஷ் ஒவ்வொரு முறை புரோகிராம் தொடங்கும்போதும் மாறத் தொடங்கியது. காலையில் ஓட்டினால் ஒரு வரிசை, மாலையில் ஓட்டினால் வேறு வரிசை. அதே 2012-ல் முதல் பதிப்பு வெளியான கோ மொழி ஒரு படி மேலே போனது. வரிசையை நம்பி யாரும் எழுதிவிடக் கூடாது என்றே, மேப் என்ற தன் ஹாஷ் டேபிளை ஒவ்வொரு முறை சுற்றும்போதும் தற்செயலாக ஓர் இடத்தில் தொடங்கும்படி வைத்தார்கள். கோ இன்றும் அப்படித்தான் இருக்கிறது. அது நேர்மையான முடிவு என்றே நினைக்கிறேன்: தராத வாக்குறுதியைத் தந்ததுபோல் தோன்றவிடாமல் இருப்பது.

இப்படி வரிசையைக் கலைப்பதே நல்ல பழக்கம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட அதே ஆண்டின் டிசம்பரில்தான் ரேமண்ட் ஹெட்டிங்கர் பைதான் குழுவின் முன் ஒரு யோசனையை வைத்தார். பின்னோக்கிச் சுற்றுவதற்கென்று ரிவர்ஸ்டு என்ற வசதியை 2004-ல் பைதான் 2.4-க்குக் கொண்டுவந்தவரும் அவரே. போட்ட வரிசையைக் காக்கும் ஆர்டர்டு டிக்ட்டை ஆர்மின் ரோனாஹரோடு சேர்ந்து முன்மொழிந்தவரும் அவரே. 2009-ல் வந்த அது ஜாவாவைப் போலவே இரட்டைச் சங்கிலி வைத்திருந்தது, ஆனால் பின்னோக்கி நடக்க வாசலும் வைத்திருந்தது. 2012 யோசனையில் அவர் பேசியது வரிசையைப் பற்றி அல்ல. நினைவகச் சிக்கனம், சுற்றும் வேகம், இவ்வளவுதான்.

கல்யாண வீட்டு மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர் வரும் வரிசையிலேயே பெயர் ஏறும். பக்கம் நடுவில் காலியாக விடுவதில்லை. யார் எவ்வளவு எழுதினார் என்று தேடத் தனியாக ஒரு குறிப்பு இருந்தால் போதும். பழைய டிக்‌ஷனரி செய்தது, எட்டுப் பேர் வரலாம் என்று எட்டு முழு வரிகளை ஒதுக்கி, மூன்று பேரை அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுதி, மற்றதை வெறுமையாக விட்டது. ஒரு வரி என்பது ஹாஷ், கீ, வேல்யூ மூன்றுக்குமாக 24 பைட். எட்டு வரிக்கு 192 பைட். ஹெட்டிங்கர் இதை இரண்டாகப் பிரித்தார். ஒருபக்கம் எட்டு ஸ்லாட் கொண்ட குறிப்பு, ஸ்லாட்டுக்கு ஒரே ஒரு பைட். மறுபக்கம் நெருக்கமாக எழுதப்பட்ட நோட்டு, அதில் நிரம்பக்கூடிய ஐந்து வரிகள் மட்டும். எட்டும் நூற்றிருபதும் சேர்ந்து 128 பைட்.

நம்முடைய 20, 9, 2 இங்கே எப்படி உட்காரும் என்று பாருங்கள். நோட்டின் பூஜ்யமாம் வரியில் 20, முதல் வரியில் 9, இரண்டாம் வரியில் 2. குறிப்பில் நான்காம் ஸ்லாட்டில் "0" என்றும், ஒன்றாம் ஸ்லாட்டில் "1" என்றும், இரண்டாம் ஸ்லாட்டில் "2" என்றும் எழுதியிருக்கும். மற்ற ஐந்தும் காலி. தேடும்போது குறிப்பு வழியாகப் போகிறோம். சுற்றும்போது குறிப்பைத் தொடவே வேண்டாம், நோட்டை மேலிருந்து கீழே படித்தால் போதும். 20, 9, 2. போட்ட வரிசை! டேபிள் விரிந்தாலும் குறிப்புதான் மறுபடி எழுதப்படும். நோட்டின் வரிசை அப்படியே இருக்கும். சிக்கனத்துக்காகச் செய்த மாற்றம், அறுபது ஆண்டுகளாக ஹாஷ் டேபிள் தொலைத்திருந்த தகவலைச் செலவில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டது.

பைதானின் மாற்று வடிவமான பைபை 2015-ல் இதை முதலில் செய்து காட்டியது. பைதானின் மூல வடிவமான சிபைதானில் இனாடா நாவோகி எழுதிச் சேர்க்க, 2016 டிசம்பரில் பைதான் 3.6 வந்தது. டிக்‌ஷனரிகள் 20 முதல் 25 சதவீதம் வரை சிறிதாகியிருந்தன. "வரிசையை நம்பாதீர்கள், இது உள்ளமைப்பு விவகாரம்" என்று அப்போது ஆவணத்தில் எழுதினார்கள். யார் கேட்பார்கள்? கண்ணெதிரே வரிசையாக வருவதை நம்பாதே என்பது நடக்கிற காரியமில்லை. 2017 டிசம்பரில் மொழியை உருவாக்கிய கீடோ வான் ராஸம் வழக்கை முடித்துவைத்தார்: போட்ட வரிசை காக்கப்படும் என்பது இனி மொழியின் விதி. 2018 ஜூனில் 3.7-ல் அது அமலுக்கு வந்தது. அது சரியான முடிவு. தினமும் நடக்கும் ஒன்றை விதியில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பதால், அதை நம்பி எழுதியவர்களின் பிழைகள்தான் பெருகியிருக்கும்.

அப்போதும் ஒரு குறை மிச்சமிருந்தது. வரிசை வந்துவிட்டது, பின்னாலிருந்து படிக்க வாசல் இல்லை. 3.7-ல் டிக்‌ஷனரியை ரிவர்ஸ்டுக்குள் கொடுத்தால் டைப் எரர்தான் வரும். ரெமி லாபேர் அந்த வாசலை எழுதிக்கொடுத்தார். 2019 அக்டோபரில் பைதான் 3.8-ல் அது வெளியானது. அதன் வேலையைப் பார்த்தால் மனம் நிறைகிறது, அவ்வளவு எளிமை. நோட்டின் கடைசி வரி எண்ணில் தொடங்கு. அந்த வரியில் வேல்யூ இருந்தால் கொடு. அழிக்கப்பட்ட வெற்று வரியானால் தாண்டு. எண்ணை ஒன்று குறை. பூஜ்யத்துக்குக் கீழே போனால் நிறுத்து. நகல் லிஸ்ட் இல்லை, கூடுதல் பாயின்டர் இல்லை. சி பிளஸ் பிளஸ் குழு செலவு என்று ஒதுக்கிய அதே வசதி இங்கே இலவசம்.

அன்றாட வேலையில் இதன் பலன் உடனே தெரிகிறது. கடைசியாக வந்த ஆர்டர் எது, கடைசியாக லாகின் செய்தவர் யார் என்பதற்கு ரிவர்ஸ்டிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்தால் போதும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. இந்த டேபிளில் பின்வாசல் முன்வாசலைவிட மலிவு. பாப்ஐட்டம் கடைசி ஜோடியை எடுத்துவிட்டு நோட்டின் அளவையும் ஒரு வரி குறைத்துவிடும். முதல் ஜோடியை மட்டும் மறுபடி மறுபடி அழித்துக்கொண்டே போனாலோ நோட்டின் தலைப்பக்கம் வெற்று வரிகள் குவியும். ஒவ்வொரு முறையும் முதலாவது எது என்று தேட அவற்றையெல்லாம் தாண்டி வர வேண்டியிருக்கும். டிக்‌ஷனரியைக் க்யூவாகப் பயன்படுத்துகிறவர்கள் இதில் மாட்டுகிறார்கள். அந்த வேலைக்கு இரட்டைச் சங்கிலி வைத்திருக்கும் ஆர்டர்டு டிக்ட் இன்றும் பொருத்தமானது.

ஜாவாவில் வாசல் திறந்தது 2023 செப்டம்பரில், ஜாவா 21-ல். ஸ்டூவர்ட் மார்க்ஸ் முன்னின்று கொண்டுவந்த மாற்றத்தில் லிங்க்டு ஹாஷ்மேப்புக்குக் கடைசி ஜோடியைக் கேட்கவும், திருப்பிய பார்வையாக முழு மேப்பையும் வாங்கவும் வழி கிடைத்தது. நகல் எடுக்காமல், 2002-லிருந்தே அங்கே காத்திருந்த அதே பாயின்டர்களைப் பிடித்துக்கொண்டு. இருபத்தொரு ஆண்டுகள்! சாதாரண ஹாஷ்மேப்புக்கு அந்த வசதி இல்லை. வரிசை இல்லாததற்குத் திருப்பிய வரிசையும் இல்லை என்பதில் ஜாவா தெளிவாக இருக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஓடிக்கொண்டே அழிக்கும் பழைய ஆசைக்கு மட்டும் பைதானின் பின்வாசலும் உதவாது. எந்தத் திசையில் சுற்றினாலும் நடுவில் ஒரு கீயை அழித்தால் அடுத்த அடியிலேயே ரன்டைம் எரர் வந்து நிற்கும். கீகளை முதலில் லிஸ்ட்டுக்கு நகலெடுத்துவிட்டு அந்த லிஸ்ட்டைச் சுற்றி அழிப்பதோ, வேண்டியவற்றை மட்டும் வைத்துப் புது டிக்‌ஷனரி கட்டுவதோதான் வழி. வரிசை குறித்து இன்னும் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஏற்கனவே இருக்கும் கீக்குப் புது வேல்யூ கொடுத்தால் அதன் இடம் மாறாது. அழித்துவிட்டு மறுபடி போட்டால்தான் கடைசிக்கு வரும். "கடைசியாக மாற்றப்பட்டது" வேண்டும் என்று ரிவர்ஸ்டை நம்புகிறவர் இதைக் கவனிக்காவிட்டால் தவறான ஜோடியைத்தான் எடுப்பார். அப்புறம், இரண்டு டிக்‌ஷனரிகள் சமமா என்று பார்க்கும்போது பைதான் வரிசையைக் கணக்கில் கொள்வதே இல்லை.

வேல்யூ இல்லாமல் கீகளை மட்டும் வைத்துக்கொள்ளும் பைதானின் செட் இன்னும் பழைய உலகத்திலேயே இருக்கிறது. அதற்கு நோட்டும் குறிப்பும் தனித்தனி இல்லை; ஸ்லாட் வரிசைதான் சுற்றும் வரிசை. எழுத்துகளைப் போட்டால் ஒவ்வொரு ஓட்டத்திலும் இடம் மாறும்; ரிவர்ஸ்டுக்குள் கொடுத்தால் டைப் எரர். வரிசை காக்கும் செட் வேண்டும் என்கிறவர்கள், வேல்யூவுக்கு ஒன்றுமே வைக்காத டிக்‌ஷனரியைச் செட்டாகப் பயன்படுத்தி, பின்னாலிருந்து வேண்டுமானால் அதைச் சுற்றிக்கொள்கிறார்கள்.